முச்சியர் வரைந்த தமிழகம்: கம்பெனிக் கால நீர்வண்ணப் படத்தொகுப்புகள்

தஞ்சாவூர் ஓவியம் என்றால் மரப்பலகை, தங்கரேக்கு, கண்ணாடிக் கல், நடுவில் கொழுகொழுவென்று வெண்ணெய்க் கண்ணன் என்றே பலருக்கும் தோன்றும். அதே ஊரில், பெரும்பாலும் அதே ஓவியக் குடும்பங்களின் கையால், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வேறொரு வகைப் படங்களும் வரையப்பட்டு வந்தன. அவை காகிதத்தில் தீட்டிய நீர்வண்ணப் படங்கள். ரேக்கு ஒட்டும் வேலையும் கல் பதிப்பும் அவற்றில் இல்லை. யானைமேல் அரசர் போகும் பவனி, தேரோட்டம், சதிராடும் பெண்ணும் பின்னால் நிற்கும் நட்டுவனாரும், பல்லக்குத் தூக்கிகள், குயவர், வண்ணார், நெசவாளர், பனையேறி, பூம்பூம் மாட்டுக்காரர் என்று மனிதர்களே அவற்றின் பொருள். வரைந்தவர்கள் தமிழகத்தில் இருந்தார்கள். வாங்கியவர்கள் பெரும்பாலும் கப்பலேறிப் போனார்கள், படங்களும் உடன் போயின. அதனால்தான் தமிழ் வாசகருக்குத் தம் முன்னோரின் உடையையும் தொழிலையும் காட்டும் மிகப் பெரிய வண்ணப் பதிவு இன்னும் அறிமுகமாகாமல் இருக்கிறது.

கலை வரலாற்றில் இவற்றுக்குக் ‘கம்பெனி ஓவியம்’ என்று பெயர். வரைந்தவர்கள் வைத்த பெயர் அல்ல, பின்னால் வந்த ஆய்வாளர்கள் வைத்தது. முர்ஷிதாபாத், பாட்னா, லக்னோ, டெல்லி, கல்கத்தா எங்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்காக இந்திய ஓவியர்கள் வரைந்தவை அனைத்தையும் இந்த ஒரே சொல் அடக்குகிறது. லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகத்தில் பணியாற்றிய மில்ட்ரெட் ஆர்ச்சர் 1972இல் அந்நூலகத்தின் படங்களுக்கும், 1992இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் படங்களுக்கும் தயாரித்த அட்டவணை நூல்கள்தான் இத்துறையின் அடித்தளம். அண்மைக்காலத்தில் அந்தப் பெயருக்கே எதிர்ப்பு எழுந்திருக்கிறது. 2019 இறுதியில் லண்டன் வாலஸ் கலெக்ஷனில் இந்தப் படங்களுக்கென நடந்த கண்காட்சி, வாங்கியவரின் பெயரை விட்டு வரைந்தவரின் பெயரை முன்னே வைத்தது. நியாயமான திருத்தம். ஆனால் தென்னாட்டுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னே வைக்கப் பெயரே கிடையாது என்பதுதான் சிக்கல்.

ஐரோப்பியர் கேட்க இந்தியர் வரைந்தது கம்பெனி காலத்தில் தொடங்கிய வழக்கம் அல்ல. ரோம் நகரின் காசனாதென்சே நூலகத்தில் 1540ஐ ஒட்டி வரையப்பட்ட ஒரு படச்சுவடி இருக்கிறது. போர்ச்சுக்கீசியருக்காக இந்திய ஓவியர் ஒருவர் கையால் ஆனதாகக் கருதப்படும் அதில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சீனம் வரை உள்ள மக்கள் ஆணும் பெண்ணுமாக நிற்கிறார்கள். சென்னையில் குடியேறி வாழ்ந்த வெனிஸ்காரர் நிக்கோலோ மனுச்சி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழமண்டலக் கரை ஓவியர்களைக் கொண்டு தெய்வங்களையும் சடங்குகளையும் வரையவைத்துத் தம் ஊருக்கு அனுப்பினார். அந்தத் தொகுப்பு வெனிஸின் மார்சியானா நூலகத்தில் உள்ளது. புதுச்சேரிப் பக்கம் சுற்றிய பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னரா 1782இல் பாரிசில் வெளியிட்ட பயண நூலில் நம் ஊர்த் தொழில்களும் தெய்வங்களும் செப்புத்தகடு அச்சாக இடம்பெற்றன. தஞ்சைத் தொகுப்புகள் பெருகத் தொடங்கிய நேரத்தில் ஐரோப்பாவில் இதற்கு ஆவலுள்ள வாசகர் கூட்டம் ஏற்கெனவே இருந்தது.

இந்த ஆவலுக்கு இந்தியாவுக்கு வெளியேயும் ஓர் ஊற்று உண்டு. அது இஸ்தான்புல். உதுமானியப் பேரரசின் அந்தத் தலைநகருக்கு 16ஆம் நூற்றாண்டு முதல் வந்துபோன ஐரோப்பியத் தூதர்களும் வணிகர்களும் திரும்பும்போது வாங்கிப்போன நினைவுப்பொருள்களில் ஒன்று ஆடைப் படத்தொகுப்பு. ஏட்டைப் புரட்டினால் முதலில் சுல்தான், அடுத்து அரண்மனை அதிகாரிகள், ஜானிசாரிப் படைத் தலைவர், பிறகு நகரத்துப் பெண்கள், கைவினைஞர், துறவியர், பல சமயத்தார் என்று ஒரு தாளுக்கு ஓர் உருவம் நிற்கும். பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர் 1618இல் அங்கிருந்து கொண்டுபோன ஒரு தொகுப்பு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே மண்டி பத்தாண்டு கழித்துக் கம்பெனி ஊழியராகச் சூரத்துக்கு வந்து, 1630களின் குஜராத் பஞ்சத்தைக் கண்ணால் கண்டு எழுதியவர். ஸ்வீடன் தூதர் கிளாஸ் ரோலம்ப் 1657–58இல் வாங்கிய தொகுப்பு ஸ்டாக்ஹோம் அரச நூலகத்தில் உள்ளது. இவற்றை வரைந்தவர்கள் அரண்மனைச் சித்திரக்கூடத்தார் அல்ல, நகரத்தில் கடை வைத்திருந்தவர்கள். துருக்கிய ஆய்வாளர் மெதின் அந்த் அவர்களுக்குச் ‘சந்தை ஓவியர்’ என்று பெயரிட்டார். தஞ்சை, திருச்சி ஓவியர்களுக்கும் அப்படியே பொருந்தும் பெயர் அது.

அரண்மனைக்குள் வரையப்பட்டவை வேறு மாதிரி. மூன்றாம் அகமது சுல்தான் 1720இல் தம் மகன்களின் விருத்தசேதன விழாவைப் பதினைந்து நாள் நடத்தினார். அதை லெவ்னி என்ற அரண்மனை ஓவியர் 137 சிற்றோவியங்களில் பதிவு செய்தார். அதிலும் தொழிலாளிகள் வருகிறார்கள். ஆனால் தனியாக நிற்கவில்லை. தம் தம் தொழிற்குழுவோடு, கருவிகளோடு, வேடிக்கை வண்டிகளோடு சுல்தானின் முன் ஊர்வலமாகப் போகிறார்கள். கூட்டம் இருக்கிறது, ஓட்டம் இருக்கிறது. சந்தைத் தொகுப்பிலோ அதே ஆள் வெற்றுத் தாளில் ஒற்றையாக நிற்கிறான். ஒரே நகரம், இரண்டு வகைப் படம். வேறுபாடு படத்துக்குப் பணம் கொடுத்தவரிடம் இருந்தது. தஞ்சையைப் பார்க்கும்போதும் இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு ஊருக்கும் ஒரு பெரிய வித்தியாசமும் உண்டு. இஸ்தான்புல்லில் படம் வாங்கிய ஐரோப்பியர் ஒரு வல்லரசின் வாசலில் காத்திருந்த விருந்தாளி. அவருக்குச் சுல்தானும் அமைச்சரும் வியப்பு. பிரெஞ்சுத் தூதர் ஃபெரியோல், தம்மோடு அங்கு வந்த ஓவியர் வான்மூரைக் கொண்டு வரையவைத்து 1714இல் பாரிசில் அச்சிட்ட நூறு படங்களின் வரிசையும் சுல்தானிலிருந்துதான் தொடங்குகிறது. தஞ்சையில் படம் வாங்கியவர் விருந்தாளியாக இருந்து வீட்டுக்காரராக மாறியவர். அவருக்கு அரசர் ஒரு காட்சி மட்டுமே. வரி கட்டுபவர், நெய்பவர், சுமை தூக்குபவர், தம் வீட்டிலேயே வேலை செய்பவர் ஆகியோர் எப்படிப்பட்டவர்கள் என்பதே அவர் அறியவேண்டிய செய்தி. தஞ்சைத் தொகுப்புகளில் அரசவைக் காட்சிகள் சிலவாகவும் சாதி, தொழில் இணைகள் பலவாகவும் இருப்பதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

விருந்தாளி வீட்டுக்காரராக மாறிய விதம் சுருக்கமானது. 1670களில் ஏகோஜி கைப்பற்றிய தஞ்சையை மராட்டிய போன்ஸ்லே மரபினர் ஆண்டனர். துளஜா மன்னர் 1787இல் இறக்கும் தறுவாயில் தத்தெடுத்த சிறுவன் சரபோஜி. ஆட்சியோ துளஜாவின் சகோதரர் அமர்சிங்கிடம் போயிற்று. ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்து, 1798இல் கம்பெனியின் துணையோடு சரபோஜி அரியணை ஏறினார். அதற்கு விலை அடுத்த ஆண்டே கேட்கப்பட்டது. 1799 உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. அரசருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மிஞ்சின. இரண்டாண்டு கழித்து, 1801இல், ஆற்காட்டு நவாபின் நாடும் கம்பெனி கைக்கு வந்தது. வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திட்டக்குடி, மணிமுத்தாற்றங்கரை விருத்தாசலம் எல்லாம் அப்போதுதான் கம்பெனியின் தென்னாற்காட்டுக்குள் சேர்ந்தன. புதிய கலெக்டர்கள், படை அதிகாரிகள், மருத்துவர்கள், பாதிரிமார்கள் கொள்ளிடத்துக்கு இருபுறமும் பரவினார்கள். படத்துக்குச் சந்தை விரிந்தது இவர்களால்.

வரைந்தவர்களைக் கம்பெனி ஆவணங்கள் ‘மூச்சி’ என்று குறிக்கின்றன. தமிழில் முச்சியர் என்று வழங்கிய சொல் தோல் வேலை செய்பவர், வாளுறை செய்பவர், வண்ணம் தீட்டுபவர் மூவரையும் சுட்டியது. சேணத்துக்கும் உறைக்கும் பூவேலை தீட்டிய கை காகிதத்துக்கு வந்ததில் வியப்பில்லை. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் தெலுங்கு பேசிய ராஜு குடும்பங்கள் இத்தொழிலில் பெயர் பெற்றவை. பலகைப் படம், கண்ணாடிப் படம், சுவர்ப் படம், காகிதப் படம் எதுவானாலும் கேட்டால் செய்து கொடுத்தார்கள். கலைஞர் என்ற தனிப் பீடம் அவர்களுக்கு அப்போது இல்லை; தச்சர், கொல்லர் போல அவர்களும் பணிக்காரர்கள்.

காகிதம் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் வாட்மன் முதலிய ஆங்கில ஆலைகளின் நீர்க்குறி தெரியும். 1794க்குப் பிறகு பல தாள்களில் ஆண்டும் சேர்ந்தே இருக்கும். கையெழுத்தும் தேதியும் இல்லாத இந்தப் படங்களுக்குக் காலம் கணிக்க ஆய்வாளர்களுக்கு இதைவிட உறுதியான துணை கிடையாது. தாள் செய்த ஆண்டுக்கு முன் படம் வரைந்திருக்க முடியாது அல்லவா? வண்ணங்கள் பழைய சரக்கு: சாதிலிங்கச் சிவப்பு, அரிதார மஞ்சள், அவுரி நீலம், காவி, விளக்குக் கரி. பிசினில் குழைத்து, வெள்ளை சேர்த்துத் தடிப்பாகப் பூசுவது நம் வழக்கம். ஆங்கில நீர்வண்ணம் தாளின் வெண்மை ஊடுருவித் தெரியும்படி மெல்லியது. தஞ்சைப் படங்களில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. சேலையின் சிவப்பு பலகைப் படத்தின் அடர்த்தியோடு நிற்கும். முகத்திலும் முழங்காலிலும் மட்டும் ஆங்கில முறைப்படி ஒளியும் நிழலும் விழும். வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறி இறங்கும். காலடியில் புல்லும் மண்ணுமாக ஒரு குறுகிய தரைப்பட்டை, அவ்வளவுதான். வீடு இல்லை, தெரு இல்லை, ஊர் இல்லை.

அந்தப் பட்டையின்மேல் கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். குயவர் என்றால் ஒருவர் கையில் பானை, மற்றவர் தலையில் பானை. பனையேறி என்றால் இடுப்பில் பாளைக் கத்தி, மனைவியிடம் கள்ளுக் கலயம். இருவரும் ஒருவரை ஒருவர் பாதி திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த தாளிலும் அதே நிலை, அதே பார்வை. சேலையின் நிறமும் கைப்பொருளும் மட்டும் மாறியிருக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். வண்ணம் ஏறும்போதுதான் ஒன்று பச்சைப் பட்டுக்காரி, ஒன்று சிவப்புப் பட்டுக்காரி. படத்தொகுப்பின் ஓவியரும் கோட்டுருவ மாதிரிகளை வைத்துக்கொண்டு அதே வேலையைத்தான் செய்தார். கொலுப்படியில் கடை பரப்பி உட்காரும் செட்டியாரும் செட்டிச்சியும் இந்தப் படங்களுக்கு நெருங்கிய உறவு. தொழிலைத் தம்பதியாக்கிக் காட்டும் வழக்கம் ஆங்கிலேயர் கேட்டு மட்டுமே வந்ததாகச் சொல்ல முடியாது.

மாதிரி வைத்து வரைந்ததில் ஒரு பின்விளைவு உண்டு. 1830இல் வரைந்த படத்தில் தந்தையோ பாட்டனோ வைத்திருந்த மாதிரியின் தலைப்பாகை அப்படியே இருக்கலாம். தாளின் நீர்க்குறி படத்தின் வயதைத்தான் சொல்லும், உடையின் வயதைச் சொல்லாது. இந்தப் படங்களை ஆதாரமாகக் காட்டி இன்ன ஆண்டில் இன்ன ஊரில் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று எழுதும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவற்றில் பாதி இந்த இடத்தில் வழுக்கியவை.

திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் காகிதத்தையும் தாண்டினார்கள். காக்காய்ப்பொன் என்று நம் ஊரில் சொல்லும் அப்பிரகத்தை மெல்லிய தகடாக உரித்து, அதன்மேல் தீட்டினார்கள். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும், வண்ணம் மினுமினுக்கும், விலை குறைவு, பயணப் பெட்டியில் எடை ஏறாது. சில தொகுப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டையில் ஒரே ஒரு முகம் வரைந்திருக்கும். முகம் மட்டும் வெட்டவெளியாக விட்டு, உடலும் உடையும் தீட்டிய அப்பிரகத் தகடுகள் ஒரு கட்டு. ஒவ்வொன்றாக அட்டைமேல் வைத்தால் அதே முகம் பண்டாரமாகும், சிப்பாயாகும், நாட்டியக்காரியாகும். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. முகம் எவருடையதாக இருந்தாலும் உடைதான் ஆள் என்ற கருத்தை இதைவிடப் பச்சையாக எவரும் சொல்லிவிட முடியாது.

தம்பதிப் படங்களுக்கு வெளியே திருவிழாக்களும் சடங்குகளும் உண்டு. தேர், தெப்பம், முகரம் ஊர்வலம், திருமணப் பந்தல் எல்லாம் வரும். கூடவே செடல் குத்தி மரத்தில் தொங்கிச் சுற்றுவதும் தீமிதியும் உடன்கட்டை ஏறுவதும் தவறாமல் வரும். செடல் கோடையில் ஓரிரு நாள் நடப்பது. தொகுப்புகளிலோ அது நாள்தோறும் நடக்கும் காரியம்போல இடம்பிடித்திருக்கிறது. வாங்குபவர் ஊரில் போய்க் காட்டி வியக்கவைக்க வேண்டியது எதுவோ அது வரையப்பட்டது. நடவு நடும் வயல், திண்ணைப் பள்ளிக்கூடம் போன்ற ஆரவாரமற்ற காட்சிகள் அத்தனை எளிதில் கண்ணில் படுவதில்லை.

மதுரையிலிருந்து போன ஒரு தொகுப்பைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டேனியல் பூர், யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பள்ளி நடத்திவிட்டு மதுரைக்கு வந்தவர். 1837இல் அவர் வில்லியம் ட்வைனிங் என்ற பாதிரியாருக்கு நன்றிக்கடனாக அளித்த ‘இந்தியாவின் எழுபத்திரண்டு சாதி மாதிரிகள்’ என்ற படச்சுவடி இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் இருக்கிறது. எழுபத்திரண்டு முழுவண்ணப் படங்கள். முகப்பில் ஆங்கிலம், தமிழ், தெலுங்கு மூன்று எழுத்தும் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர் எழுதியிருக்கிறது. பெரும்பாலான தொகுப்புகளில் ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதிய உருச்சிதைந்த சொற்களை வைத்துக்கொண்டு மூலச்சொல்லை ஊகிக்க வேண்டும். இங்கே தமிழ்ச்சொல்லே கிடைக்கிறது. காதணி, தண்டட்டி, கொண்டை, தலைப்பாகைக் கட்டு, செருப்பின் வார் ஆகியவற்றை ஆராய்பவர்களுக்கு இது ஓர் அகராதி. மேல்நாட்டு உடையின் சாயல் படியுமுன் மதுரை வட்டாரம் எப்படி உடுத்தியது என்பதற்கு இதற்கு நிகரான சான்று அரிது. தலைப்பில் உள்ள ‘மாதிரிகள்’ என்ற சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை. மருந்துக்கடைப் புட்டியில் ஒட்டும் சீட்டுக்குரிய சொல் அது.

இத்தகைய படங்கள் ஆட்சியின் கருவியா, வெறும் நினைவுப்பொருளா என்பது நெடுநாள் வாதம். அமெரிக்க வரலாற்றாய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ், சாதியை எண்ணி, பெயரிட்டு, வரிசைப்படுத்திய காலனி அறிவுதான் அதை இன்றைய இறுகிய வடிவுக்குக் கொண்டுவந்தது என்று வாதிட்டார். அவர் ஆராய்ந்த முக்கியமான சேகரிப்புகளில் ஒன்று நில அளவையாளர் காலின் மெக்கன்சியுடையது. மெக்கன்சி மைசூர்ப் பகுதியையும் கர்நாடகத்தையும் அளந்த 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய வரைவாளர்கள் தீட்டிய ஆடைப் படங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. நிலத்தை அளந்த கோலோடு மக்களையும் அளந்தார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே ஓரளவு பொருந்தும். ஆனால் முச்சியர் கடையில் வாங்கிய தம்பதிப் படத்தை வைத்து எந்தக் கலெக்டரும் வரி வசூலித்திருக்க மாட்டார். அது வரவேற்பறைப் பொருள். தீங்கு வேறு வகையில் நடந்தது. ஒரு சாதிக்கு ஓர் உடை, ஓர் உடைக்கு ஒரு கருவி, ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம் என்ற பார்வை கண்ணுக்குப் பழகிவிட்டது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் பற்றிய அரசாங்கப் புகைப்பட நூலும், எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளும் அந்தப் பழகிய கண்ணோடுதான் தொடங்கின.

இதே முச்சியர் கை அரண்மனைக்காக வேலை செய்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. நாடு கைவிட்டுப்போன சரபோஜி, மிஞ்சிய பணத்தையும் நேரத்தையும் புத்தகத்துக்கும் மருந்துக்கும் செலவிட்டார். 1826 மார்ச்சில் தஞ்சை வந்த கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர், லினேயஸ், பூஃபோன், லவாய்சியே போன்ற ஐரோப்பிய அறிவியலாளரை மேற்கோள் காட்டிப் பேசும் அரசரைக் கண்டு மலைத்துப் போனார். சரபோஜியின் ஓவியர்கள் பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் வரைந்தார்கள். அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை அரசர் தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்குக் கொடுத்தார். அவர் வழியாக அவை லண்டன் போய் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அரசரின் காசி யாத்திரையின் நினைவாகக் கங்கைப் படித்துறைகளின் நீர்வண்ணப் படங்கள் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன.

அவற்றையெல்லாம் விட முக்கியமானவை கண் படங்கள். சரபோஜியின் தன்வந்திரி மகால் மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்களின் கண்ணோய்க் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் கிடைத்துள்ளன. புரை விழுந்த கண், சதை வளர்ந்த கண், சிவந்து வீங்கிய இமை என்று ஒவ்வொருவரின் கண்ணும் வண்ணத்தில் வரையப்பட்டு, சிகிச்சை விவரம் அருகே எழுதப்பட்டிருக்கிறது. தம்பதித் தொகுப்பில் நூறு பேருக்கும் ஒரே கண். பாதாம்பருப்பு வடிவில், மை தீட்டி, எங்கோ பார்க்கும் கண். இங்கே ஒரு கண் இன்னொரு கண்போல இல்லை. நரம்பு எங்கே தடித்திருக்கிறது, படலம் கருவிழியின் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று ஓவியர் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். தஞ்சை ஓவியருக்கு உள்ளதை உள்ளபடி வரையத் தெரியாது, மாதிரியைப் பார்த்துத்தான் போடுவார் என்று பழைய ஆங்கிலக் குறிப்புகள் சொல்லிவந்த பழிக்கு இந்தத் தாள்களே மறுப்பு. தெரியும்; அதைக் கேட்டவர் இல்லை என்பதே உண்மை.

தாவர ஓவியத்திலும் இதே கதை. ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் சென்னை மாகாணத்தில் தாவர ஆய்வு செய்தபோது, 1820களின் பிற்பகுதியிலிருந்து ரங்கையா என்ற ஓவியரும், அவருக்குப் பின் கோவிந்துவும் அவருக்காக வரைந்தார்கள். இருவரும் தஞ்சை ஓவிய மரபின் வழி வந்தவர்கள். வைட் 1853இல் முடித்த கீழை இந்தியத் தாவரப் படநூல் ஆறு தொகுதிகள், 2101 படங்கள். தாவரவியலார் இன்றும் ஒரு செடியின் அடையாளத்தை உறுதிசெய்ய அதைப் புரட்டுகிறார்கள். வைட், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் ‘கோவிந்தூயியா’ என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். பின்னால் வந்த வகைப்பாட்டில் அது வேறொரு பேரினத்தோடு சேர்ந்துவிட்டதால் பெயர் வழக்கொழிந்தது. ஹென்றி நோல்ட்டி என்ற தாவரவியலார் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இருந்த மூலப்படங்களைத் தேடி எடுத்து 2007இல் மூன்று தொகுதிகள் வெளியிட்ட பிறகே ரங்கையாவும் கோவிந்துவும் மீண்டும் ஆட்களானார்கள்.

பெயர் தெரிந்த இன்னொருவர் வேலூர் எல்லப்பா. 1830களில் வேலூரில் இருந்த ஐரோப்பியருக்காக வரைந்தவர். பல சாதி, பல தொழில் உருவங்களுக்கு நடுவே தன்னையும் ஓவியராகவே வரைந்து வைத்திருக்கிறார். வாலஸ் கலெக்ஷன் கண்காட்சியில் தென்னாட்டின் சார்பில் பேசப்பட்ட முகம் அது. ஆயிரக்கணக்கான தாள்களில் நூறு தொழிலை வரைந்த முச்சியர், தம் தொழிலையும் வரையலாம் என்று எண்ணியது அரிதாகவே நடந்தது.

முடிவு வேகமாக வந்தது. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் கலைப்பள்ளி தொடங்கினார். ஐரோப்பிய முறையில் வரையக் கற்றவர்களுக்கு அரசு வேலை கிடைத்தது. சரபோஜியின் மகன் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் தஞ்சை அரசு இல்லாமலே போனது. அரண்மனைச் சொத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டதை எதிர்த்து அரசி காமாட்சி பாய் நடத்திய வழக்கு, 1859இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் அவருக்கு எதிராக முடிந்தது. ஓவியர்களுக்கு அரண்மனைப் படி நின்றது. அதற்குள் புகைப்படப் பெட்டியும் வந்துவிட்டது. சென்னை அரசின் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைச் சுற்றிச் சுற்றி எடுத்து, இருபத்தொரு படங்களை ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். எந்த முச்சியரும் போட்டியிட முடியாத வேலை. துரைமார் நினைவுப்பொருளுக்குப் புகைப்படக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். ஓவியக் குடும்பங்கள் பலகைக்கும் தங்கரேக்குக்கும் திரும்பின. சில வேறு தொழிலுக்குப் போயின.

இன்று இந்தப் படங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகம், பிரிட்டிஷ் அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பாரிசில் தேசிய நூலகம் என்று சிதறிக் கிடக்கின்றன. தமிழகத்தில் சரஸ்வதி மகாலில் உள்ளவை அரண்மனைக்காக வரைந்தவை. சந்தைத் தொகுப்புகள் இங்கே தங்கியது குறைவு. ஆனால் யேல் நூலகத்தின் மதுரைச் சுவடி முழுவதையும், மற்ற இடங்களில் உள்ளவற்றில் பலவற்றையும், இணையத்தில் காசின்றிப் பார்க்கலாம். அவற்றின் விளக்கக் குறிப்புகளில் இன்னும் பிழை மலிந்திருக்கிறது. தறியின் பாகத்துக்குப் பெயர் தெரியவில்லை, மீன் கூடையின் வகை தெரியவில்லை, மண் பிசையும் பலகையைச் சோறு வடிக்கும் பலகை என்று எழுதிவிடுகிறார்கள். திருத்தக்கூடியவர்கள் பல்கலைக்கழகங்களில் இல்லை. சக்கரம் சுற்றியவர்களும் தறியில் உட்கார்ந்தவர்களும் பனை ஏறியவர்களும் வெள்ளாற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் வயதானவர்களாக இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இந்தப் படங்களை அவர்கள் முன் விரித்து, கையில் இருப்பது என்ன என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும்.